பெம்பர்டன் ஐயர் தின்ற மூதாதை

சிரிப்பு வேண்டுமா அண்ணாச்சி? என்னிடம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பீர்கள். நேற்று அந்தச் சீன மாலுமியிடம் சொன்னேன். கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான், மாலுமிகளுக்கு மேஸ்திரியான செராங்கிடம் உதை வாங்கினான், உதை வாங்கிக்கொண்டும் சிரித்தான். அப்படிப்பட்ட சரக்கு. ஆனால் இப்போதே தரமாட்டேன். எண்ணெய் காயட்டும். நீங்கள் பினாங்குக் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவராமே? நாலு பேர் வழக்கைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்திருக்கும். உங்களைச் சிரிக்கவைத்தால்தான் எனக்குப் பெருமை.

என் பெயர் மாசிலாமணி. என் தமிழ் உங்களுக்கு வினோதமாக இருக்கும். பாதி வேதப்புத்தகம், பாதி எங்கப்பா அடுக்களையில் திட்டினது. நடுவில் எனக்கு வேறு தமிழ் தெரியாது.

முதலில் பெம்பர்டன் ஐயரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். உங்கள் பாளையங்கோட்டையில் ஆறு வருஷம் வேதம் சொன்ன வெள்ளைக்காரப் பாதிரி. அங்கே யாரோடு சண்டையோ, மிஷன் சங்கத்தார் அவரைத் தூக்கிச் சீனதேசத்து ஃபூச்சோ பட்டணத்தில் போட்டார்கள். பதினெட்டு வருஷம் ஆயிற்று. அவர் கொண்டுவந்த சாமான்கள், புத்தகம் பதினொரு பெட்டி, ஹார்மோனியம் ஒன்று, சமையல்காரன் ஒருத்தன். அந்தச் சமையல்காரன்தான் எங்கப்பா, வேதக்கண். ஐயர் நடந்து வந்தால் முழங்கால் முதலில் வரும், மற்றதெல்லாம் பின்னால் வரும். என்னிடம் தமிழில்தான் பேசுவார். இப்படி: "மாசிலாமணியே! நீ ஏன் ஜெபவேளையில் என் இருமலை இருமுகிறாய்? இது கர்த்தருக்குப் பிரியமான இருமல் அல்லவே!" எப்படி இருக்கிறது? குரலைத் தொண்டையில் பிடிக்கக் கூடாது அண்ணாச்சி, மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். ஒருநாள் அடுக்களைக்கு வெளியே நின்று அந்தக் குரலில், "வேதக்கண்ணே, இன்றைக்கு எனக்கு உபவாசம்" என்றேன். அப்பா சமைக்கவில்லை. ஐயர் சாயங்காலம்வரை மேஜை முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூச்சம்! வெள்ளைக்காரர்களுக்குப் பசியைக் கேட்கக் கூச்சம், நிலத்தைக் கேட்கக் கூச்சமில்லை.

அப்பா அங்கேயே ஒரு சீனத்தியைக் கட்டிக்கொண்டார். அவள்தான் அம்மா. அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். இருங்கள், முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், இது அழுகைக் கதை இல்லை.

இப்போது இடத்தைப் பார்க்க வேண்டும். பட்டண மதிலுக்கு உள்ளேயே ஒரு குன்று. குன்றின் உச்சியில் ஐயரின் பங்களா. அடிவாரத்தில் திங் வம்சத்தாரின் பெரிய வீடு, ஐந்து முற்றம். இரண்டுக்கும் நடுவில் எங்களுடையது. மூன்று அறை, ஒரு கிணறு, பின்பக்கம் ஒரு மேட்டுத் துண்டு. தாத்தா, அம்மாவைப் பெற்றவர், வைத்துவிட்டுப் போனது. அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோயாவை ஊறவைத்து, அரைத்து, பால் காய்ச்சி, உறையவைத்துக் கட்டியாக்கி விற்பாள். வெள்ளை வெளேரென்று இருக்கும். அப்பா அதற்கு வைத்த பெயர் 'உப்பில்லாத சந்நியாசி'. விடியற்காலையில் கிளம்பி, காவடிபோலத் தோள்கம்பில் இரண்டு பக்கமும் தட்டு தொங்கவிட்டுச் சந்தைக்குப் போனால், மதியம் திரும்புவாள். பேசமாட்டாள். அவள் கைதான் ஓடும், வாய் ஓடாது. அப்படி ஒரு ஜென்மம்.

அந்த வீட்டின்மேல் இரண்டு பேருக்குக் கண். ஐயருக்குப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் கட்ட இடம் வேண்டும், தித்திப்புத் தண்ணீர் வேண்டும். அந்தக் குன்றில் தித்திப்புத் தண்ணீர் எங்கள் கிணற்றில் மட்டும்தான். அப்பா சாகக் கிடந்தபோது ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்தென்று ஒரு கீறல் வாங்கிக்கொண்டார். "உன் தகப்பன் இந்த வீட்டை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தான்!" அப்பாவுக்கு அந்த வீட்டில் சொந்தமாயிருந்தது ஒரு தோசைக்கல். அதை வேண்டுமானால் ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொருத்தர் திங் பெரியவர். வம்சத்துக்கு மூத்தவர். அம்மாவும் அந்த வம்சத்துப் பெண்தான், அவருக்குத் தம்பி மகள் முறை. கறுத்த பரதேசியைக் கட்டினாள் என்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஒதுக்கினவர்கள் வீட்டை ஒதுக்கவில்லை. பெரியவர் இடதுகைச் சுண்டுவிரல் நகத்தை இந்த நீளத்துக்கு வளர்த்து வெள்ளி உறை போட்டிருப்பார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நீங்கள் ஒரு சுருட்டுப் பற்றவைத்துவிடலாம். "ஹ்ம். இது... குன்றின்... கழுத்து." அவர்கள் கணக்கில் குன்று ஒரு பெரிய சர்ப்பம், எங்கள் வீடு அதன் கழுத்து. அதில் வெள்ளைக்காரன் சுவரெழுப்பினால் சர்ப்பத்துக்கு மூச்சு முட்டுமாம், வம்சத்துப் பையன்கள் அரசாங்கப் பரீட்சையில் தேறமாட்டார்களாம். அந்தப் பையன்களை எனக்குத் தெரியும். சர்ப்பம் எழுந்து நின்று பாடம் சொல்லிக்கொடுத்தாலும் தேறமாட்டார்கள்.

சிரிப்பு வருகிறது அண்ணாச்சி, வருகிறது. வழியில் இருக்கிறது.

ஆக, மேலே இருக்கிறவர் கீழே இறங்கி வருவார், கீழே இருக்கிறவர் மேலே ஏறி வருவார், இரண்டு பேரும் எங்கள் வாசலில் முட்டிக்கொள்வார்கள். ஐயர் மண்டியிட்டு ஜெபம் பண்ணுவார். திங் பெரியவர் காறித் துப்புவார். அம்மா இருவருக்கும் ஒரே பதில். "விற்கவில்லை." அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவளிடம் பத்திரம் இருந்தது. தாத்தா பெயரில், அவருக்குப் பின் மகளுக்கு என்று எழுதி, சர்க்கார் கச்சேரியின் சிவப்பு முத்திரை குத்தின பத்திரம். அது இருக்கிறவரை ஐயரின் கீறலும் செல்லாது, பெரியவரின் சர்ப்பமும் செல்லாது. அந்த ஊரில் பிறந்த கைக்குழந்தைக்கும் இது தெரியும். சண்டை என்றால் ஒரு ருசி வேண்டாமா? ஒரு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு 'விற்கவில்லை, விற்கவில்லை' என்று சோயாவை அரைத்துக்கொண்டிருந்தால் அதில் என்ன ருசி?

கடைசியில் ஐயர், அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்குத் தலைவரான கன்சல் துரையைப் பிடித்தார். கன்சல் துரை கச்சேரிக்குக் கடுதாசி போட்டார். நம்மூரில் தாசில்தார் என்று ஒருவர் உண்டாமே, அங்கேயும் அப்படி ஒரு நீதிபதி. அவரே நேரில் வந்து நிலத்தை அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார் என்று நாள் குறித்தார்கள். அம்மா பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த ஏற்பாடு.

நான் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள்.

அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செத்தவரைப் புதைத்து ஏழெட்டு வருஷம் ஆனபின் தோண்டி, எலும்பைக் கழுவி, கால் எலும்பு கீழே, மண்டை மேலே என்று ஒரு மண்ஜாடியில் அடுக்கி, நல்ல இடம் பார்த்து மறுபடியும் வைப்பார்கள். அப்படி ஒரு ஜாடி ஒரு நிலத்தில் இருந்துவிட்டால் போச்சு. அதை வெள்ளைக்காரனுக்கு விற்கவும் முடியாது, அவன் வாங்கவும் முடியாது. கன்சல் துரையே வேண்டாம் என்று ஓடிவிடுவார். எனக்கு ஐயர் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அந்த முழங்கால் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். கூடவே திங் வம்சம் முழுவதையும் ஏதாவது கண்ட கசுமாலத்தின் முன்னால் குப்புற விழவைக்க வேண்டும். ஒரே கல், இரண்டு மண்டை.

ஜாடிக்கு எங்கே போவது? அம்மா சோயாவைப் புளிக்கவைக்கிற பழைய ஜாடி மூலையில் கிடந்தது. அதே உயரம், அதே மூடி, வாயில் ஒரு மூலை உடைந்தது. எடுத்துக்கொண்டேன். 'ஜாடி எங்கே?' என்று கேட்டாள். 'உடைந்துவிட்டது' என்றேன். வேறு ஜாடியைக் கழுவப் போய்விட்டாள். எலும்புக்கு எங்கே போவது? இங்கேதான் அண்ணாச்சி ஆண்டவர் என்மேல் இரங்கினார். ஐயருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளாட்டுத் தொடை வேண்டும். எத்தனை வருஷமாகத் தின்கிறார்! புதுச் சமையல்காரன் எலும்பை வெளியே போடமாட்டான், சூப்புக்கு ஆகும் என்று தொங்கவிட்டிருப்பான். ஐந்து தொடை கிடைத்தது. கழுவினேன், காயவைத்தேன், மஞ்சள் மண்ணில் புரட்டினேன். மண்டைக்கு மட்டும் வழியில்லை, ஒரு முற்றின சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துவைத்தேன். மூடியைச் சுண்ணாம்பால் பூசினேன்.

கல்? கல்தச்சன் கடைப் பின்னால் உடைந்து கழித்துப் போட்டது ஒன்று இருந்தது. 'திங்' என்ற வம்சப் பெயர், கீழே 'மூதாதை' என்று ஒரு எழுத்து, மீதி உடைந்துபோயிற்று. இதைவிட என்ன வேண்டும்? அம்மா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் பின்பக்க மேட்டில் ஜாடியைப் புதைத்தேன், கல்லைச் சாய்த்தேன், சோயாப்பால் திரிந்த தண்ணீரைத் தினமும் ஊற்றினேன். புளிப்புத் தண்ணீருக்குப் பாசி என்னமாய்ப் பிடிக்கிறது தெரியுமா! இருபது நாளில் அந்தக் கல் நூறு வயதுக் கிழமாகிவிட்டது. நானே ஒரு தடவை கும்பிட்டுவிட்டேன், பழக்கத்துக்கு.

இப்போது அளக்கிற நாள். சிரித்துக்கொள்ளத் தயாராகுங்கள்.

முன்னால் தமுக்கு, பின்னால் பல்லக்கு, பல்லக்கின் இரண்டு பக்கமும் மூங்கில் கழி பிடித்த சேவகர்கள். நீதிபதி கீழே இறங்கினார். குண்டு. வெயில் தாங்காதவர். விசிறியை விசிறுவதற்கே ஒரு ஆள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். "அளக்க மதியம் ஆகும்" என்று சேவகன் சொன்னதை நம்பிப் போய்விட்டாள். நீதிபதியோ வெயிலுக்குப் பயந்து காலையிலேயே வந்துவிட்டார். ஐயர் தொப்பியோடு ஒரு பக்கம், கையில் அப்பாவின் கீறல். திங் பெரியவர் வெள்ளி நகத்தோடு ஒரு பக்கம், பின்னால் நாற்பது திங்குகள். வில் மாதிரி ஒரு மரக்கோலைப் புரட்டிப் புரட்டி ஒரு சேவகன் அளந்தான். அளந்து அளந்து, மேட்டுப் பக்கம் வராமலே திரும்பப் பார்த்தான், கழுதை!

நான் சுவருக்குப் பின்னால் போனேன். சேவகர் தலைவன் ஒருத்தன், சளி பிடித்த வாத்து மாதிரி கத்துவான். அந்தக் குரலைப் பிடித்தேன். "டேய், மேட்டை யார் அளப்பது, உன் மாமனாரா? அந்தக் கல்லைப் புரட்டுடா!" ஓடினான். புரட்டினான். "ஐயா! கல்லறை!"

அப்புறம் பாருங்கள். நாற்பது திங்கும் மேட்டுக்கு ஓடிவந்தார்கள். கல்லைப் படித்தார்கள். தோண்டினார்கள். ஜாடி வந்தது. வம்சத்து மூத்தவர் மட்டும்தான் மூடியைத் திறந்து பார்க்கலாம், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது முறை. நாற்பது பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். நீதிபதியும் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். திங் பெரியவர் வெள்ளி நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். திறந்தார். பார்த்தார். ஒரு தும்மல் நேரம். மூடினார். நிமிர்ந்து, சுற்றிப் பார்த்து, என்னிடம் வந்து கண்ணை நிறுத்தினார். பதினாறு வருஷத்தில் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் அழுதார் பாருங்கள்! "மூதாதையே! உங்களை... எங்கே... எல்லாம்... தேடினோம்!" பொத்தென்று விழுந்தார். நாற்பது திங்கும் விழுந்தார்கள். நெற்றி மண்ணில் முட்டுகிறது, டொக், டொக், டொக். எதற்கு? பெம்பர்டன் ஐயர் கடுகுக் குழம்பு தொட்டுத் தின்ற தொடைக்கு! ஊதுவத்தி! காகிதப் பணம் எரிக்கிறார்கள்! ஒருத்தன் மூதாதைக்குப் பசிக்குமென்று அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்தான். தின்றவர் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், தின்னப்பட்டவருக்குச் சோறு! ஹா! ஹஹ்ஹா! இருங்கள், எனக்கே மூச்சு...

என்ன? பெரியவர் கண்ணாடி போடுவாரா என்கிறீர்களா? ஆமாம், பெரியவர் கண்ணாடி போட்டிருந்தார். இந்த அகலம், எழுத்துப் படிக்கிற கண்ணாடி. அதுதானே வேடிக்கை! அவ்வளவு பெரிய கண்ணாடி போட்டும் ஆட்டுக்கும் தாத்தாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆந்தை.

நீதிபதி கேட்டார், "இந்தக் கல்லறை இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?" யாருக்குத் தெரியும்? நான் முன்னால் போனேன். தாத்தா குரலில் சொன்னேன், பல்லில்லாத குரல், "என் தாத்தா செத்துப்போகிறவரை இங்கே ஊதுவத்தி கொளுத்தி, 'இது வம்சத்தின் சொத்து, நாம் காவல் இருக்கிறோம்' என்பார்." கச்சேரி எழுத்தன் எழுதிக்கொண்டான். நான் கைநாட்டு வைத்தேன். நல்ல வாசகம், இல்லையா? 'நாம் காவல் இருக்கிறோம்.' அந்த இடத்தில் தோன்றியது.

ஐயர் என்ன ஆனார்? ஓடவில்லை, அதுதான் எனக்குக் குறை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மரித்தோரை நான் தொந்தரவு செய்ய வரவில்லை" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கீறலை நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். முழங்கால் முதலில் போயிற்று, மற்றதெல்லாம் பின்னால் போயிற்று. அதைச் செய்துகாட்டட்டுமா? சரி, பிறகு.

அம்மா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்தாள். தோளில் கம்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், கம்பை இறக்கவில்லை. அண்ணாச்சி, பத்து வருஷம் அவள் கையால் கழுவின ஜாடி! அவளுக்கே தெரியவில்லை! அப்போது நான் சிரிப்பை அடக்கக் கையைக் கடித்துக்கொண்டேன், இதோ தழும்பு. திங் பெரியவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். ஒதுக்கிவைத்த வீட்டுப் பெண்ணோடு அத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேசுகிறார்! ஒரு சிலும்பி புகையிலை புகைக்கிற நேரம். அவர் ஏதோ சொன்னார். அவள் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து, பத்திரத்தை எடுத்து எழுத்தனிடம் கொடுத்தாள். வம்சத்துக் கல்லறை நிலம் வம்சத்துக்கே சேரும் என்று எழுதினான். கைநாட்டு வைத்தாள். அவளும் ஏமாந்துவிட்டாள் பாருங்கள்! ஆட்டுத்தொடையை நம்பி!

அப்புறம் வீட்டை இடித்தார்கள். மூதாதைக்கு முன்னால் கல் பாவின முற்றம் வேண்டுமாம். மேட்டில் கல்லறை கட்டியிருக்கிறார்கள், இரண்டு கல்சிங்கம் வைத்து. இன்னும் பெரிய கூத்து கேளுங்கள், நாலு மாதத்தில் திங் பெரியவரும் பெம்பர்டன் ஐயரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மேட்டுப் பக்கம் வம்சத்துக்கு, கிணற்றுப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட குத்தகை. சர்ப்பத்துக்கு இப்போது மூச்சு முட்டவில்லை! பதினெட்டு வருஷம் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் காறித் துப்பினவர்கள். ஐயரின் ஜெபம், "கர்த்தாவே, இந்தக் கிணற்றை எங்களுக்குத் திறந்துவிட்டீர்!" பெரியவரின் முகம் எண்ணெய் தேய்த்த சுரைக்காய். இரண்டு பேரும் முட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் என் ஐந்து தொடை எலும்பு படுத்துக்கொண்டு சிரிக்கிறது. இதுதான் அண்ணாச்சி நான் சொன்ன சிரிப்பு. முடிந்தது.

என்ன, சிரிக்கவே இல்லை?

மாலுமி சிரித்தானே.

அம்மாவா? அவள் இருக்கிறாள். தெற்கு வாசலுக்கு வெளியே ஒருத்தன் சோயாக்கடையில் அரைக்கிறாள். அந்தத் தண்ணீர் உப்பு, கட்டி சரியாக உறைவதில்லை என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். நான் ஏன் கப்பலில் வருகிறேனா? அவள்தான், "உன் அப்பா ஊரைப் போய்ப் பார்" என்றாள். இந்த மாதத்துக்குள் போய்விட வேண்டும் என்றாள். ஏன் இந்த மாதத்துக்குள் என்று நான் கேட்கவில்லை. ஊர் சுற்றக் கசக்குமா? ஐயர் பாளையங்கோட்டை மிஷனுக்கு ஒரு கடுதாசி கொடுத்தார். கப்பல் துறைக்கு அம்மா வந்தாள். வந்து நின்றாள். என் சட்டைப் பொத்தானைப் போட்டாள். அது போட்டுத்தான் இருந்தது, கழற்றி மறுபடி போட்டாள்.

பொய்க் கல்லறையா? நீங்கள் மனு எழுதுகிறவர், இதெல்லாம்தான் கேட்பீர்கள். அதற்கு அந்த ஊரில் தண்டனை உண்டு, இல்லாமலா? கச்சேரி வாசலில் தமுக்கடித்துப் படிப்பான், இப்படி: "அடுத்தவன் நிலத்தைக் கவர... பொய்யாய் எலும்பு புதைத்தவனுக்கும்... அதற்குச் சாட்சி சொன்னவனுக்கும்... மூங்கில் கழியால் நூறு அடி! மூவாயிரம் லீ தூரத்துக்கு நாடுகடத்தல்!" நூறு அடியில் எழுபதாவதுக்கு மேல் யாரும் எண்ணினதில்லை என்பார்கள். அடிபடுகிறவன் இருந்தால்தானே எண்ணுவதற்கு. ஆனால் யார் கண்டுபிடித்தார்கள்? ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லையே!

கிணற்றடியில் என்ன பேசினார்களா? அது என் காதில் விழவில்லை. எட்டத்தில் நின்றேன், கூட்டம் வேறு. கையசைவுதான் பார்த்தேன். இருங்கள், எல்லாரையும் செய்துகாட்டினேன், அதையும் செய்துகாட்டுகிறேன். எனக்கு யார் குரலும் வரும். கையும் முகமும் சரியாக வைத்தால் சொல் தானாக வந்து விழும், அதுதான் இந்த வித்தை.

பெரியவர் இப்படி நின்றார். கிணற்றுச் சுவரில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. "தம்பி மகளே. ஹ்ம். ஜாடிக்குள்... பார்த்தேன்." இங்கே நிறுத்தினார், துடைத்தார். "ஆட்டின்... தொடை." ஹா, இதைச் சிரிப்புக்காக நான் சேர்த்தேன். அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தெரியாதே. தெரிந்தால்...

இருங்கள். அம்மா இப்படி நின்றாள். தோளில் கம்பு, தலையைக் குனிந்து. ஜாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஆமாம், அப்போது அவள் பார்த்தது என்னைத்தான். நான் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் முதலிலிருந்து செய்கிறேன். பெரியவர் விரலை நீட்டினார், ஒரு விரல் மேட்டுப் பக்கம், ஒரு விரல் கழி பிடித்த சேவகர்கள் பக்கம். ஒன்று, இரண்டு. "தம்பி மகளே. மூதாதை... மெய் என்றால்... நிலம் எங்களுக்கு. பொய் என்றால்... பையன் அவர்களுக்கு. நீயே... சொல்."

அம்மா கம்பை இறக்கினாள். தட்டிலிருந்து ஒரு கட்டி கீழே விழுந்தது, அவள் குனிந்து எடுக்கவில்லை. வாய் ஒரே ஒரு தடவை அசைந்தது. இவ்வளவுதான் அசைந்தது. இவ்வளவு அசைவுக்கு எத்தனை சொல் வரும், அண்ணாச்சி?

"விரலை எங்கே வைக்க வேண்டும், பெரியப்பா?"

இது நான் சேர்த்ததில்லை.